சோடாபுட்டி அண்ணன் தேய்த்த பொய்க் கண்ணாடி

எங்கள் கடையில் லென்ஸ் தேய்க்கிறவரைப் பற்றி இந்த ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. கோழை என்பது ஒன்று. மகான் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் வாயில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட வேண்டும். அவருக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து இருபது வருஷம் வேலை பார்த்தவள் நான். அவர் லென்ஸ் தேய்த்துத் தருவார், நான் பிரேமில் பொருத்தி, ஸ்க்ரூ முடுக்கி, துடைத்து உறையில் போடுவேன். டீயில் சர்க்கரை குறைந்தால் ஒரு மணி நேரம் முணுமுணுக்கிற சாதாரண மனிதர் அவர். என் மகனைக் காப்பாற்றுவதற்காக அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னார். அந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் என்னை நல்லவளாக்கி விடுவார்கள்.

எல்லோரும் அவரைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் மெல்லிசாகத் தேய்த்துக் கொடுக்கிற மனிதர், தன் மூக்கில் மட்டும் இரண்டு சோடாபுட்டி அடிகளை மாட்டிக்கொண்டு திரிவார். கேட்டால், "எனக்குத் தேய்க்கிற நேரத்துல இன்னொருத்தருக்குத் தேய்ச்சுடலாமே" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரே அறை. கட்டில், ஸ்டவ், சதுரங்கப் பலகை, அவ்வளவுதான். பளபளப்பேற்றுகிற சிவப்புப் பொடி நகக்கண்ணில் ஏறி, எவ்வளவு கழுவினாலும் போகாது. நான் அண்ணா என்பேன். என் மகனுக்கு அவர் மாமா.

என் மகனுக்கு மூன்று வயதிருக்கும்போது காய்ச்சலில் அவன் அப்பா போய்ச் சேர்ந்தார். பிள்ளையை விட ஆளில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். முதலாளி முகத்தைச் சுளித்தார். சோடாபுட்டி அண்ணன்தான், "இருக்கட்டும் சார், லென்ஸைவிட இவன் சத்தம் கம்மிதான்" என்றார். அப்படியே கடையிலேயே வளர்ந்தான். கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டை சுவரில் தொங்குமே, அதுதான் அவனுக்கு விளையாட்டுச் சாமான். மேலே யானை அளவுக்கு ஒரு 'ட', கீழே போகப்போக எறும்பு அளவுக்கு எழுத்துகள். ஸ்டூலில் ஏறி நின்று கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொல்லுவான், வாடிக்கையாளர்கள் கைதட்டுவார்கள். பயலுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இதிலே ஒரு கூத்து நடந்தது. எட்டு வயதில் பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டு, "உங்க பையனுக்குக் கரும்பலகை தெரியல போலிருக்கே" என்றார். எனக்கு வந்ததே கோபம்! கண்ணாடிக் கடையில் வளர்கிற பிள்ளைக்குக் கண் தெரியவில்லையாம். மாமா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அட்டையைப் பிசகில்லாமல் படித்தான். பார்த்தாயா என்று நான் நிமிர்ந்தேன். அண்ணன் எழுந்துபோய் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். பயல் அப்போதும் முதல் எழுத்து 'ட' என்றுதான் ஆரம்பித்தான். அட்டை முழுவதும் மனப்பாடம்! கண்ணில் மைனஸ் நாலு பவர். இரண்டு வருஷமாக எங்கள் மூக்குக்கு அடியிலேயே ஏமாற்றியிருக்கிறான். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். மறந்திருக்கக் கூடாது.

பிறகு அவன் பாட்டுக்கு வளர்ந்தான், பவரும் கூடவே வளர்ந்தது. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்துக்குப் போய்விட்டான். நெட்டை என்று பேரே வந்துவிட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. மைனஸ் ஏழில் மாமா தேய்த்துக் கொடுத்த கண்ணாடி. அவனுக்குப் பதினேழு வயதாகும்போது சண்டை வந்தது.

சண்டை வந்த மூன்றாம் மாதம், முதலாளி ராணுவத்துக்குத் துப்பாக்கிக் குறிக்கண்ணாடி தேய்த்துக் கொடுக்கிற வேலையைப் பிடித்துவிட்டார். அண்ணன் மேஜையில் புது வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். அண்ணன் அதை நிதானமாகப் பார்த்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா வரைஞ்சிருக்காங்க சார். ஆனா நான் தேய்க்கமாட்டேன்."

"ஏன்யா?"

"இதுல பார்க்கிறவன் இன்னொருத்தனைக் கொல்லத்தானே பார்ப்பான்? படிக்கிறதுக்குக் கேளுங்க, தைக்கிறதுக்குக் கேளுங்க, எத்தனை வேணும்னாலும் தேய்க்கிறேன்."

இதற்குப் பின்னால் பெரிய சோகக் கதை ஏதோ இருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறேன். ஒன்றும் கிடையாது. "அடிக்கறது எனக்குப் பிடிக்கலம்மா. எனக்குப் பிடிக்காததை இன்னொருத்தனுக்கு எப்படித் தேய்ச்சுக் கொடுக்கறது?" இவ்வளவுதான் அவர் தத்துவம். அதற்காகப் புழுப்பூச்சிக்கு வழிவிட்டு நடக்கிறவர் என்று எண்ண வேண்டாம். கொசுவைக் கண்டால் இரண்டு கையாலும் பளீரென்று அடிப்பார். அதில் சமாதானப் பேச்சே கிடையாது.

அவர் மறுத்ததை யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள், விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கூடப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று நான் போனேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார்: "எதிரி ஒருத்தன் வீட்டுக்குள்ள புகுந்து உங்க தங்கச்சியை அடிச்சா, கையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்களா?"

அண்ணன் என்னைக் காட்டினார். "இதோ நிக்கிறாளே, இவதான் எனக்குத் தங்கச்சி மாதிரி. இவ வீட்டுக்குள்ள புகுந்தா, அந்த எதிரியை நினைச்சுத்தான் சார் நான் கவலைப்படணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மூன்று மாதம் ஜெயில் என்று எழுதினார்கள். கல் உடைக்கிற வேலை.

அவருக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஒரு சிநேகிதர், எங்கள் தெருத் தபால்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் சதுரங்கம் ஆடாவிட்டால் அந்த வாரம் விடியாது. அண்ணன் உள்ளே போனதும் ஆட்டத்தைக் கார்டில் ஆட ஆரம்பித்தார்கள். ஒரு கார்டுக்கு ஒரு காய். "என் குதிரை உன் ராஜா பக்கம் வருது, ஜாக்கிரதை" என்று தபால்காரர் எழுதியிருக்கிறார். தணிக்கைக்காரன் அதை ரகசியச் செய்தி என்று நினைத்து ஜாக்கிரதை என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கறுப்பு மையால் அடித்து அனுப்பினான். அண்ணன் அந்தக் கார்டைப் பத்திரமாக வைத்திருந்தார். "இந்தச் சண்டையில வந்த ஒரே உண்மையான செய்தி" என்று காட்டுவார்.

வெளியே வந்தபோது பாதி உடம்பாகியிருந்தார். முதலாளி திட்டிக்கொண்டே சேர்த்துக்கொண்டார். சிக்கலான கண்களுக்குத் தேய்க்க வேறு ஆளில்லை. முதலாளி நல்லவர் என்பதால் இல்லை. குறிக்கண்ணாடி தேய்க்கப் பின்கட்டில் நாலு புது ஆட்கள் வந்திருந்தார்கள். கல் உடைத்த கை என்று அண்ணன் மேஜைப் பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் பத்து வருஷமாகப் போகிற முடிவெட்டுகிற கடையில், "இன்னைக்கு முடியாதுங்க" என்றார்களாம். நாளைக்கு என்று கேட்டால் நாளைக்கும் முடியாதாம். அதன் பிறகு நான்தான் மாதத்துக்கு ஒரு தடவை பிரேம் வெட்டுகிற கத்தரியால் வெட்டிவிடுவேன். கோணல்மாணலாகத்தான் இருக்கும், அவர் கண்ணாடியில் பார்ப்பதே இல்லை. ஒரு நாள் காலையில் அவர் அறைக் கதவு நெடுக வெள்ளைப் பெயிண்டில் கோழை என்று எழுதியிருந்தது. நான் வாளியும் துணியுமாகப் போய் நின்றேன். "விடும்மா. சண்டைக் காலத்துல பெயிண்ட் எங்கயும் கிடைக்கல. எனக்காக இவ்வளவு செலவு பண்ணியிருக்கான் பாரு" என்றார். அது இன்னமும் அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாம் வருஷம் தபால்காரரின் ஒரே மகன் போர்முனையில் செத்தான். அந்தக் கடிதத்தைத் தன் வீட்டுக்குத் தானே கொண்டுபோனார் தபால்காரர். ஐந்தாம் நாள் கடை வாசலில் வந்து நின்று, பின்கட்டு வரைக்கும் கேட்கக் கத்தினார்.

"நீ தேய்க்கமாட்டேன்னியே, அந்தக் கண்ணாடியை எவனோ அரைகுறை தேய்ச்சான்டா! அதுதான் என் பையன் துப்பாக்கியில இருந்துச்சு. நீ தேய்ச்சிருந்தா அவன் முதல்ல சுட்டிருப்பான். உன் சுத்தமான கையை வச்சு என்னடா பண்ணப் போற?"

அண்ணன் அன்றைக்கு ஒரு லென்ஸை மூன்று தடவை கெடுத்தார். நாலு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் காய்களை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது ஞாயிறு தபால்காரர் வந்தார். மன்னிப்பும் கிடையாது, சமாதானமும் கிடையாது. "வெள்ளை யாருக்குடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அண்ணன் அழுது நான் பார்த்தது.

எனக்கு அதுவரைக்கும் சண்டை என்பது ஊரார் வீட்டுக் கவலைதான், ஒளித்து என்ன ஆகப்போகிறது. என் மகனை முதல் வருஷமே கூப்பிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி அட்டையைக் காட்டினார்கள். அட்டை எந்தச் சுவரில் இருக்கிறது என்றே தெரியவில்லை அவனுக்கு. போ என்று விட்டுவிட்டார்கள். மைனஸ் ஏழுக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் வருஷம் ஆள் பற்றவில்லை. சட்டத்தை மாற்றினார்கள். இனிமேல் கண்ணாடி போட்டுக்கொண்டே படிக்கலாம். சொந்தக் கண்ணாடியைப் போட்டும் நாலாவது வரி தெரியாதவன் மட்டும் வீட்டுக்குப் போகலாம். மகன் பேருக்குச் சீட்டு வந்தது. பத்து நாளில் பரிசோதனை. அண்ணன் தேய்த்த கண்ணாடியில் அவன் நாலாவது வரி என்ன, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதையே படிப்பான்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில், கடையில் யாரும் இல்லாதபோது, அவர் மேஜைக்கு எதிரில் போய் நின்றேன்.

"அண்ணா, நெட்டைக்குப் புதுசா ஒரு கண்ணாடி வேணும்."

"இருக்கறதுக்கு என்ன குறை?"

"அதுல நல்லா தெரியுது."

சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார். நான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது. லென்ஸ் தேய்க்கிற எமரிப் பொடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா. தெருவுக்கு இத்தனை பேருன்னு எழுதி வச்சிருக்கான். உன் பையன் பேரை அடிச்சா அதுக்குக் கீழ இருக்கிற பேரு மேல வரும். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா."

"இருக்கட்டும்! அவ வேற கண்ணாடிக்காரனைப் பார்த்துக்கட்டும்."

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்லணும்? மூணு மாசம் கல்லு உடைச்சீங்களே, யாரைக் காப்பாத்துனீங்க? தபால்காரர் பையனைக் காப்பாத்துனீங்களா? ஒரு உயிரைக்கூடக் காப்பாத்தாத கொள்கையை வச்சு நாக்கு வழிக்கிறதா? என் பிள்ளை உங்க மடியில வளர்ந்தவன்!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். கதவில் எழுதியவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்றும் சொன்னேன். அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் என் கை இரண்டையும் கொடுப்பேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் எனக்கு முன்னாலேயே வந்து தேய்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ரெண்டு கண்ணுக்கும் பாதி பவர்தான். ஓரம் மெல்லிசா இருந்தா சந்தேகம் வரும். அதான் தடிச்ச கண்ணாடியா எடுத்திருக்கேன். பார்க்கப் பழசு மாதிரியே இருக்கும்."

நான் பையைக் கீழே வைத்தேன். "அவன்கிட்ட என்னண்ணா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. அவனுக்குப் பொய் வராது. தெரிஞ்சிருந்தா முகமே காட்டிக்கொடுத்துடும். தெரியறதை அவன் உண்மையாப் படிக்கட்டும். பொய்யைக் கண்ணாடி சொல்லட்டும்."

அது நியாயமாகத்தான் பட்டது. என் மகனைப்போல் பொய் சொல்லத் தெரியாத ஜென்மத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சின்ன வயதில் வாய் நிறையச் சர்க்கரையை அடக்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே வந்து, "நான் சர்க்கரை திங்கலம்மா" என்று சொன்னவன். அதனால் மூடி மறைத்தோம். இரண்டு பேருக்கும் வேலையில் அவ்வளவு கர்வம். லென்ஸில் குறை இருக்காது, பிரேமில் குறை இருக்காது, திட்டத்திலும் இருக்காது என்று நினைத்தோம்.

பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரத்தில், பழைய கண்ணாடியின் காதுக் கம்பியை நானே ஒடித்தேன். இத்தனை வருஷமாக ஒடிந்ததைச் சேர்த்த கை. பட்டென்று ஒடிந்தது. காலையில் புதுசை எடுத்துக் கொடுத்தேன்.

"மங்கலா இருக்கும்மா" என்றான்.

"புதுசு இல்ல? பழகிடும்."

"சரி" என்றான். மாமா தேய்த்தது, அம்மா பொருத்தியது. இதற்குமேல் சந்தேகப்பட அவனுக்கு என்ன இருக்கிறது?

ஒரு பள்ளிக்கூடத்தில் பரிசோதனை. அண்ணன் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து என்னோடு கேட்டுக்கு வெளியே நின்றார். ஒரு நாளைக்கு முந்நூறு பேரைப் பார்க்கிறார்கள், உள்ளே போய் வர ஐந்து நிமிஷம் ஆகாது என்று பேசிக்கொண்டார்கள். நான் மனதுக்குள் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்றுகூடத் திட்டம் போட்டுவிட்டேன். அவன் படியிறங்கி வந்தான். கையில் சீட்டு. முகத்தில் சிரிப்பு. அண்ணன் என் கையை அழுத்தினார்.

சீட்டில் தகுதி என்று முத்திரை குத்தியிருந்தது.

"மாமா, உங்க மானத்தைக் காப்பாத்திட்டேன்!" என்றான். மூச்சு விடாமல் பேசினான். "உள்ள ஒரு டாக்டரு. கண்ணாடி எங்க செஞ்சதுன்னு கேட்டாரு, கடையைச் சொன்னேன். 'ஓ, அந்த ஜெயிலுக்குப் போன ஆளா? துப்பாக்கிதான் தூக்கத் தெரியாது, கண்ணாடியாவது தேய்க்கத் தெரியுமான்னு பார்ப்போம்'னாரு. சுத்தி இருந்தவனுங்க எல்லாம் சிரிக்கிறானுங்க. எனக்கா, ரெண்டு வரிக்கு மேல ஒண்ணுமே தெரியல. கண்ணு இன்னும் பழகல. தெரியலன்னு சொன்னா உங்க பேரு கெட்டுடும்ல? பழகினா நல்லாத்தானே தெரியப் போகுது, இன்னைக்கு விட்டாலும் நாளைக்குக் கூப்பிடத்தானே போறான்! பார்த்தா நம்ம கடை அட்டையேதான் மாமா, அதே அச்சகத்துல அடிச்சது. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சுட்டேன். அந்த ஆளு மூஞ்சியைப் பார்த்திருக்கணும்! நல்லாத்தான் தேய்ச்சிருக்கான்னு அவரே சொல்லிட்டாரு."

நான் அவனைப் பளாரென்று அறைந்தேன். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க. அவனை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. பிறகு அங்கேயே நின்று, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான். ஓரத்தை விரலால் தடவினான். கண்ணாடிக் கடையில் வளர்ந்தவன், தொட்டதும் புரிந்துவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணன் கண்ணாடியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஓடுகிற வயதா அவருக்கு? நானும் பின்னாலேயே போனேன். டாக்டர் மேஜையில் கண்ணாடியை வைத்து, "இது தப்பான கண்ணாடி சார், நான்தான் வேணும்னே தப்பா தேய்ச்சேன், என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க, பையனுக்கு இதுல தெரியாது" என்றார். டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"படிச்சுட்டான்யா. கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டான். முந்நூறு பேர்ல இவன் ஒருத்தன்தான் அதைப் படிச்சான். சொந்தக்காரப் பையனைக் காப்பாத்தணும்னா வேற நல்ல பொய்யா யோசிச்சுட்டு வா. அடுத்தது யாரு?"

வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்யைத் தேய்த்தார், அதை உண்மை என்று நம்பினார்கள். உடனே போய் உண்மையைச் சொன்னார், அதைப் பொய் என்று விரட்டினார்கள். இந்த மனிதரைத்தான் மகான் என்கிறார்கள். மகானுக்கு இப்படியா நடக்கும்?

மகன் புறப்படப் பத்து நாள் இருந்தது. தப்பித்து எங்கேயாவது ஓடிவிடு என்றேன். ஓடினால் மாமாவை முதலில் பிடிப்பார்கள் என்று மறுத்துவிட்டான். அண்ணன் அந்தப் பத்து நாளும் வேறு வேலை தொடவில்லை. ராணுவத்துக்குத் தேய்க்கமாட்டேன் என்று ஜெயிலுக்குப் போனவர், ராணுவத்துக்குப் போகிற கண்ணுக்கு மூன்று ஜோடி தேய்த்தார். ஒன்று உடைந்தால் இன்னொன்று, அதுவும் உடைந்தால் மூன்றாவது. அப்படியொரு வேலையை அவர் கையிலேயே நான் பார்த்ததில்லை, தண்ணீர்போல இருந்தது. மூன்றாவதைப் பொருத்தக் கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்:

"தடுக்கி விழாம ஓடறதுக்கும் இதே கண்ணாடிதான், இன்னொருத்தனைக் குறி பார்க்கறதுக்கும் இதே கண்ணாடிதான்மா. ஓடறதுக்கு மட்டும்னு தேய்க்க எனக்குத் தெரியல."

நான் ஸ்க்ரூவை முடுக்கினேன்.

லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உயரம் ஆனதால் கூட்டத்தில் கடைசி வரைக்கும் அவன் தலை மட்டும் தெரிந்தது. மாதம் ஒரு கடிதம் வந்தது. சாப்பாடு மோசம், காலில் புண், இதுதான் விஷயம். ஏழாவது கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்: "மாமாவிடம் சொல், கண்ணாடி பிரமாதம். இங்கே யாருக்கும் என் அளவுக்குத் தூரம் தெரியவில்லை. அதனால் முன்னால் காவல் நிற்க என்னைத்தான் அனுப்புகிறார்கள். உங்க மாமா யாருடா என்று எல்லோரும் கேட்கிறார்கள்." அதை நான் சத்தமாக வாசித்தேன். அண்ணன் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்துபோய்க் கழுவினார்.

எட்டாவது கடிதம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தபால்காரர் என் வீட்டு வாசலில் நின்றார். பின்னால் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ஏது தபால்? காக்கிச் சட்டை இல்லை, பையும் இல்லை. சாதாரண வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமையே வந்துடுச்சும்மா. கொடுக்கக் கை வரல. ரெண்டு நாளாவது நீ சும்மா இருக்கட்டும்னு வச்சிருந்தேன். தப்புதான். வேணும்னா புகார் கொடு."

முன்காவலில் நின்றபோது என்று நாலு வரி எழுதி ஒரு கையெழுத்து போட்டிருந்தார்கள். சில நாள் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. அதில் மூன்றாவது ஜோடிக் கண்ணாடி, உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தபால்காரரை அடித்தேன், அண்ணனை அடித்தேன், சுவரை அடித்தேன். இரண்டு பேரும் அடியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வெள்ளியும் சனியும் நான் என்ன செய்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டுக்காரியோடு தண்ணீர் வரிசையில் சண்டை போட்டிருக்கிறேன். சனிக்கிழமை அவன் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அவ்வளவு நிம்மதியாக நான் இனிமேல் எப்போதும் இருக்கப்போவதில்லை.

இப்போது ஐந்தாம் வருஷம். சண்டை ஓய்கிற வழியைக் காணோம். என் மகன் போனதற்குப் போர்முனை ஒரு அங்குலம் எந்தப் பக்கமாவது நகர்ந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பின்கட்டில் குறிக்கண்ணாடி தேய்க்கிறவர்கள் எட்டு பேராகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிழங்களும் சதுரங்கம் ஆடுகிறார்கள். முன்னே இரைச்சலாக இருக்கும், இப்போது காய் வைக்கிற சத்தம் மட்டும்தான். கோழை என்று நான் சொன்னதைப் பற்றி நானும் அண்ணனும் பேசிக்கொண்டதே இல்லை. முடி வெட்டிவிடும்போது ஒரு தடவை ஆரம்பித்தேன். "காதுகிட்டப் பார்த்து வெட்டும்மா" என்று சொல்லிவிட்டார்.

சுவரில் அதே அட்டைதான். எடுத்துவிடுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். வேறு அட்டை கிடைக்கவில்லையாம். யாராவது படிக்க உட்கார்ந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

நேற்றுப் போக முடியவில்லை. கையில் ஒரு பிரேம் பாதியில் இருந்தது. ஒரு தாயும் மகனும் வந்தார்கள். பையனுக்குப் பத்து வயது இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்தான். இரண்டு வரி படித்தான். மூன்றாவதில் திக்கினான். அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்தான், வெட்கப்பட்டுக்கொண்டு, ஏதோ ஒரு எழுத்தைக் குத்துமதிப்பாகச் சொன்னான். அண்ணன் எழுந்தார். அந்தப் பையன் முன்னால், முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். இப்போதெல்லாம் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறதைத்தான் சொன்னார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுப்பா. எங்களுக்கு ஒண்ணும் கெட்ட பேரு வந்துடாது."